பர்மிஷன் டினைட்! – பூட்டிய கோப்பும் பேசிக் மொழியும்



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். நம் வகுப்பில் கவிஞர்களுக்குப் பஞ்சமில்லை. அதனால் எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை எழுதுகிறேன். அதில் நான் செய்த ஒரு தப்பும் இருக்கிறது. அதை மறைக்காமல் எழுதினால்தான் உங்களுக்கு உபயோகமாக இருக்கும்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் மலர் தமிழ் மலர் என்பதால் கட்டளைகளையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். லேபில் தட்டும்போது ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும். இல்லையென்றால் அதற்கும் ஒரு எரர் வரும்!

ஒரே கதவு, எட்டுக் குடித்தனம்

எங்கள் வீடு ராயபுரத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. ஒண்டுக் குடித்தனம். எட்டு வீட்டுக்கும் ஒரே குளியலறை. காலை ஆறு மணிக்கு அந்தக் கதவுக்கு முன்னால் பக்கெட்டுகள் வரிசையாக நிற்கும். உள்ளே ஆள் இருந்தால் தாழ்ப்பாள் போட்டிருக்கும். வெளியே இருப்பவர் தட்டினால் "ஆள் இருக்கு" என்று குரல் வரும். அந்தக் குரலுக்காக யாரும் கோபப்படுவதில்லை. கொஞ்ச நேரம் நின்று மறுபடி தட்டுவார்கள்.

கம்ப்யூட்டரில் ஒரு கோப்பும் இப்படித்தான். பல பேருக்குப் பொதுவான கோப்பை ஒருவர் திறந்து எழுதிக்கொண்டிருக்கும்போது இன்னொருவரும் அதே நேரத்தில் எழுதினால் இரண்டு எழுத்தும் கலந்து குழம்பிவிடும். அதனால் முதலில் வந்தவர் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறார். இதற்குப் பெயர்தான் லாக். இரண்டாவதாக வருபவருக்குக் கம்ப்யூட்டர் கொடுக்கும் குரல்தான் எரர் மெசேஜ். அது திட்டு இல்லை, தகவல். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

பேசிக் எங்கிருந்து வந்தது?

பேசிக் மொழி 1964-ல் அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரியில் பிறந்தது. உருவாக்கியவர்கள் ஜான் கெமெனி, தாமஸ் கர்ட்ஸ் என்ற இரண்டு கணிதப் பேராசிரியர்கள். விஞ்ஞானம் படிக்காத மாணவர்களும் கம்ப்யூட்டரைத் தொட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. ஒரே கம்ப்யூட்டரைப் பல மாணவர்கள் ஒரே நேரத்தில் பங்கிட்டுக்கொள்ளும் முறையையும் அங்கேதான் சேர்த்து அமைத்தார்கள். நம் குளியலறை மாதிரிதான்!

1975-ல் பில் கேட்ஸும் பால் ஆலனும் ஆல்டேர் என்ற சிறு கம்ப்யூட்டருக்கு பேசிக் எழுதினார்கள். பிறகு டாஸ் காலத்தில் ஜிடபிள்யூ-பேசிக் வந்தது. 1991-ல் எம்.எஸ்.டாஸ் 5-உடன் க்யூபேசிக் வந்தது. அதே ஆண்டில் விஷுவல் பேசிக்கும் வந்தது. 1993-ல் எக்ஸெல்லுக்குள்ளேயே பேசிக் புகுந்தது. அதைத்தான் இன்று மேக்ரோ எழுத உபயோகிக்கிறோம். "பேசிக்கெல்லாம் பழைய மொழி, பைத்தான்தான் இப்போ" என்று சொல்கிறோம். ஆனால் எண்ணூர் ரோட்டில் எத்தனையோ சின்ன ஆபீஸ்களில் எக்ஸெல் மேக்ரோதான் தினசரிக் கணக்கை ஓட்டுகிறது.

டாஸ் ஆரம்பத்தில் ஒரு மேஜை, ஒரு ஆள் என்ற எண்ணத்தில் செய்யப்பட்டது. தனி வீட்டில் இருப்பவனுக்குத் தாழ்ப்பாள் எதற்கு? கம்ப்யூட்டர்களை ஒயர் போட்டு இணைக்க ஆரம்பித்த பிறகுதான் தொல்லை தொடங்கியது. 1984-ல் வந்த டாஸ் 3.0-ல் ஷேர் என்ற ஒரு ப்ரோகிராமைச் சேர்த்தார்கள். கோப்புகளைப் பூட்டுவதையும் திறப்பதையும் கவனிப்பது அதன் வேலை. அன்று க்யூபேசிக்கில் லாக் கட்டளை ஒழுங்காக வேலை செய்ய வேண்டுமென்றால் முதலில் ஷேரை ஓடவிட வேண்டும். இன்று விண்டோஸ் அந்த வேலையைத் தானே செய்துவிடுகிறது.

எண்களைப் படிக்கக் கற்போம்

எரர் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? படிக்காமலேயே ஓகே அழுத்துகிறோம். தயவுசெய்து அந்த எண்ணைப் பாருங்கள். கோப்பு சம்பந்தமாக வருகிற முக்கியமான எண்கள் இவை:

52 – பேட் ஃபைல் நேம் ஆர் நம்பர். திறக்காத கோப்பின் எண்ணைச் சொல்லி எழுதச் சொல்கிறீர்கள், அல்லது பெயர் தப்பு.

53 – ஃபைல் நாட் ஃபவுண்ட். அந்தப் பெயரில் கோப்பே இல்லை.

55 – ஃபைல் ஆல்ரெடி ஓப்பன். இதே ப்ரோகிராம் அதை ஏற்கெனவே திறந்து வைத்திருக்கிறது.

70 – பர்மிஷன் டினைட். வேறு யாரோ பூட்டி வைத்திருக்கிறார்கள், அல்லது எழுத உங்களுக்கு உரிமை இல்லை.

75 – பாத் ஃபைல் ஆக்ஸஸ் எரர். எழுதப் போன கோப்பு 'படிக்க மட்டும்' என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

76 – பாத் நாட் ஃபவுண்ட். ஃபோல்டர் இல்லை. நெட்வொர்க் ஒயர் கழன்றிருந்தாலும் இது வரலாம்.

இதில் 55-க்கும் 70-க்கும் உள்ள வித்தியாசம் மிக முக்கியம். 55 வந்தால் குற்றவாளி நாமேதான். கோப்பைத் திறந்து, நடுவில் வேறு வழியாகக் குதித்து வெளியே வந்து, க்ளோஸ் செய்ய மறந்திருப்போம். நாமே உள்ளே தாழ் போட்டுவிட்டு வெளியே வந்து நாமே தட்டுகிற கதை! 70 வந்தால் உள்ளே இருப்பது வேறு ஆள். அப்போது நம் ப்ரோகிராமைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துப் பிரயோஜனமில்லை. ஆளைத் தேட வேண்டும்.

இன்னொரு ஆச்சரியம். ஜிடபிள்யூ-பேசிக்கில் 70 என்ற எண்ணுக்கு என்ன பொருளோ, இன்றைய எக்ஸெல் மேக்ரோவிலும் அதேதான். அந்தக் காலத்தில் ஃப்ளாப்பியில் எழுதக்கூடாது என்று தடுப்பு வைத்திருந்தாலும் இதே 70 வரும். ஃப்ளாப்பி போய்விட்டது. எண் போகவில்லை.

தாழ்ப்பாளில் எத்தனை வகை?

கோப்பைத் திறக்கும் ஓப்பன் கட்டளையிலேயே பூட்டின் வகையைச் சொல்லலாம்.

ஷேர்டு – யாரும் வரலாம், படிக்கலாம், எழுதலாம்.
லாக் ரைட் – மற்றவர் படிக்கலாம், எழுதக் கூடாது.
லாக் ரீட் – மற்றவர் படிக்கக் கூடாது.
லாக் ரீட் ரைட் – மற்றவருக்கு இரண்டும் கிடையாது.

ஒரு வரி உதாரணம்:

ஓப்பன் "எடை" ஃபார் அப்பெண்ட் லாக் ரைட் ஆஸ் #1

முழுக் கோப்பையும் பூட்டாமல் ஒரே ஒரு ரெக்கார்டை மட்டும் பூட்டவும் வழி உண்டு. ரேண்டம் முறையில் திறந்த கோப்பில் 'லாக் #1, 5' என்றால் ஐந்தாவது ரெக்கார்டுக்கு மட்டும் பூட்டு. வேலை முடிந்ததும் 'அன்லாக் #1, 5' என்று அதே எண்ணைச் சொல்லித் திறக்க வேண்டும். பூட்டியது ஒன்று, திறப்பது இன்னொன்று என்றால் அதற்கும் எரர்தான்.

ரயில் ரிசர்வேஷனை நினைத்துப் பாருங்கள். 1985-ல் டில்லியில் சோதனையாகத் தொடங்கிய கம்ப்யூட்டர் ரிசர்வேஷன், பிறகு சென்னை உட்படப் பெரிய ஊர்களுக்கு வந்து, 1999-ல் எல்லாம் ஒன்றாக இணைக்கப்பட்டது. அது பேசிக்கில் எழுதியது இல்லை. ஆனால் பிரச்சினை ஒன்றேதான். சென்னையில் ஒருவர், டில்லியில் ஒருவர், ஒரே நொடியில் கடைசி பெர்த்தைக் கேட்டால் என்ன ஆகும்? ஒருவருக்குக் கொடுத்து முடிக்கும்வரை அந்த பெர்த்தை மற்றவர் தொடாதபடி பிடித்து வைக்க வேண்டும். அதற்காக மொத்த ரயிலையும் பூட்டினால் நாடு முழுக்கக் கவுண்ட்டர் நின்றுவிடும். அதனால்தான் ரெக்கார்டு பூட்டு.

எடைமேடையில் நடந்தது

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

இரண்டாம் ஆண்டு முடிந்த விடுமுறையில் பயிற்சிக்காக எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு யார்டுக்குப் போனேன். பெயர் வேண்டாம். அங்கே ஒரு எடைமேடை. டிரெய்லர் மேலே ஏறி நிற்கும். எடை காட்டும் பெட்டியில் கிலோ வரும். ஒரு அக்கா அதைப் பார்த்து வண்டி நம்பரையும் எடையையும் எக்ஸெல்லில் தட்டுவார். மேக்ரோ ஒரு ஸ்லிப்பை இரண்டு பிரதி பிரிண்ட் போடும். பிறகு பொது ஃபோல்டரில் இருக்கிற அன்றைய எடைக் கோப்பில் ஒரு வரியைச் சேர்க்கும். ஒரு பிரதி டிரைவருக்கு. இன்னொன்றை அக்கா கம்பியில் குத்தி வைப்பார்.

முதல் நாளே பார்த்தேன். மதியம் ஒரு மணி வாக்கில் திரையில் பெட்டி வந்தது. ரன்-டைம் எரர் 70, பர்மிஷன் டினைட். அக்கா எண்ட் பட்டனை அழுத்தினார். மறுபடி தட்டினார். மறுபடி அதே பெட்டி. வெளியே ஹாரன் சத்தம். "என்னம்மா, எடை போடறீங்களா, தூங்கறீங்களா?" என்று ஒரு டிரைவர் கத்தினார். அவர் மேல் தப்பில்லை. ராத்திரியிலிருந்து வரிசையில் நின்றவர். என் அப்பாவும் துறைமுகத்தில் சுமை இறக்கும் தொழிலாளிதான். வண்டி வராத மணி நேரத்துக்குக் கூலி கிடையாது என்பது எனக்குத் தெரியும்.

அக்கா என்னைப் பார்த்தார். "நீ கம்ப்யூட்டர் படிக்கிறல்ல பாப்பா, இதை ஏதாவது பண்ணேன்."

எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியது நான்தான் முதல். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு என்ன பெருமை! மேக்ரோவைத் திறந்து, மேலே ஒரே ஒரு வரி சேர்த்தேன்.

ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்

எந்த எரர் வந்தாலும் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ என்று அதற்கு அர்த்தம். மறுநாள் பெட்டியே வரவில்லை. ஸ்லிப் சரசரவென்று வந்தது. அக்கா எனக்கு டீயும் சமோசாவும் வாங்கிக் கொடுத்தார். வீட்டில் வந்து அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

அதற்கு அடுத்த நாள் சாயங்காலம் ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். கேட்டில் செக்யூரிட்டி நோட்டில் 63 வண்டி. கம்ப்யூட்டர் கோப்பில் 52. மீதி 11 வண்டி எங்கே? "என்ட்ரி போடாம வண்டியை அனுப்பிட்டியா? யார்கிட்ட எவ்ளோ வாங்கின?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அக்காவுக்குப் பேச்சே வரவில்லை. முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரம். சர்ட்டிஃபிகேட்டில் கையெழுத்துப் போட மாட்டார்களோ, காலேஜுக்குச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிறகு அக்கா அழ ஆரம்பித்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "சார், அக்கா மேல தப்பில்ல. ப்ரோகிராம்ல நான் கை வெச்சேன்" என்றேன். கம்பியில் இருந்த ஸ்லிப்புகளை உருவி, கோப்பில் இருந்த வரிகளோடு ஒன்று ஒன்றாக ஒப்பிட்டோம். ஸ்லிப் 63-ம் இருந்தது. கோப்பில் இல்லாத 11-ம் மதியம் 1.10-லிருந்து 1.50-க்குள் போட்டவை!

அந்த நேரத்தில் என்ன நடந்தது? ஆபீஸ் அறையில் ஒருவர் அன்றைய கணக்கைப் பார்க்க அந்தக் கோப்பை எக்ஸெல்லில் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். தினமும் அதுதான் வழக்கமாம். எக்ஸெல் ஒரு கோப்பைத் திறந்தால் அதை மற்றவர் எழுத முடியாதபடி பிடித்துக்கொள்ளும். எடைமேடை மேக்ரோவின் ஓப்பன் தோற்றது. என் வரி இருந்ததால் சத்தம் போடவில்லை. அடுத்து பிரிண்ட் கட்டளை, திறக்காத கோப்பில் எழுதப் பார்த்துத் தோற்றது. அதுவும் சத்தம் போடவில்லை. ஸ்லிப் மட்டும் அழகாக வந்தது.

நான் எரரைச் சரி செய்யவில்லை. அதன் வாயை அடைத்தேன். அதன் பலனை அனுபவித்தது வேறொருவர்.

ராத்திரி வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா காசிமேட்டில் மீன் வியாபாரம். கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "உள்ள யார் இருக்கான்னு கேக்காம, கதவு தட்ற சத்தம் கேக்கலைன்னு காதைப் பொத்திக்கினா ஆவுமா?"

சரியான வழி என்ன?

மறுநாள் எங்கள் லேப் சாருக்குப் போன் செய்து கேட்டு, யார்டில் அனுமதி வாங்கி, இப்படி மாற்றினேன்:

ஆன் எரர் கோடு தவறு
ஓப்பன் கோப்பு ஃபார் அப்பெண்ட் லாக் ரைட் ஆஸ் #1
பிரிண்ட் #1, வரி
க்ளோஸ் #1
எக்ஸிட் சப்
தவறு:
இஃப் எர்.நம்பர் = 70 அண்ட் முயற்சி < 5 தென்
முயற்சி = முயற்சி + 1
(இங்கே இரண்டு நொடி காத்திருக்கும் வரி)
ரெஸ்யூம்
எண்ட் இஃப்
(இங்கே தனிக் கோப்பில் எழுதி, செய்தி காட்டும் வரிகள்)

விளக்கம்: எரர் வந்தால் 'தவறு' என்ற இடத்துக்குப் போகும். எண் 70 என்றால் இரண்டு நொடி நின்று, தோற்ற அதே வரியை மறுபடி செய்யும். ரெஸ்யூம் என்றால் அதே வரி, ரெஸ்யூம் நெக்ஸ்ட் என்றால் அடுத்த வரி. ஒரு சொல்தான் வித்தியாசம், அதில்தான் 11 வண்டி போயிற்று! ஐந்து முறை பார்த்தும் திறக்கவில்லை என்றால், எடைமேடைக் கம்ப்யூட்டரிலேயே ஒரு தனிக் கோப்பில் அந்த வரியை எழுதி வைக்கும். பூட்டு திறந்த பிறகு அவை பொதுக் கோப்பில் சேர்ந்துகொள்ளும். எண் 76 மாதிரி வேறு எது வந்தாலும் காத்திருக்காது. ஃபோல்டரே இல்லாத இடத்தில் பத்து நொடி நின்று என்ன பயன்?

ஒரு ஆசை. அந்தச் செய்தியைத் தமிழில் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். மெசேஜ் பெட்டியில் தமிழ் போட்டால் வெறும் கேள்விக்குறிகளாக வந்தது. மேக்ரோ எடிட்டருக்குத் தமிழ் எழுத்து ஒத்துவரவில்லை. ஆனால் எக்ஸெல் கட்டத்தில் தமிழ் நன்றாக வரும். அதனால் செய்தியை ஒரு கட்டத்தில் தட்டி வைத்து, 70 வந்தால் அது சிவப்பில் தெரியும்படி செய்தேன். "எடைக் கோப்பு இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்திருக்கிறது. எடை பத்திரமாக எழுதப்பட்டது. வண்டியை அனுப்பலாம். ஆபீசுக்குச் சொல்லவும்."

அக்கா அதை வாய்விட்டுப் படித்தார். பிறகு இன்டர்காமை எடுத்து, "சார், உங்க சிஸ்டத்துல ஃபைல் திறந்திருக்கு, கொஞ்சம் மூடுங்க" என்றார். இத்தனை நாள் திட்டு வாங்கியவர், அன்று தகவல் சொன்னார். எனக்கு அந்தக் குரல்தான் சர்ட்டிஃபிகேட்.

நினைவில் வைக்க

1. எரர் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். பிறகுதான் ஓகே.

2. கோப்பைத் தாமதமாகத் திறந்து, வேலை முடிந்த உடனே மூடுங்கள். காலையில் திறந்து மாலையில் மூடுகிற ப்ரோகிராம் எழுதாதீர்கள்.

3. எரர் வந்து குதித்துப் போகும் வழியிலும் க்ளோஸ் இருக்கிறதா என்று பாருங்கள். கோப்பு எண்ணை நீங்களே 1 என்று வைக்காமல் ஃப்ரீஃபைல் கொடுக்கும் எண்ணை வாங்கிக்கொள்வது நல்லது.

4. பார்க்க மட்டும் வேண்டுமானால் கோப்பின் காப்பியை எடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். நோட்பேடில் திறந்தாலும் போதும், அது கோப்பைப் பிடித்துக்கொள்ளாது.

5. பூட்டியவர் யார் என்று பேசிக் சொல்லாது. கோப்பு இருக்கிற கம்ப்யூட்டரில் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட், அதில் ஷேர்டு ஃபோல்டர்ஸ், அதில் ஓப்பன் ஃபைல்ஸ் என்று போனால் பெயர் தெரியும்.

6. ரெஸ்யூம் நெக்ஸ்ட் போட்டே ஆக வேண்டுமென்றால் அடுத்த வரியிலேயே எர்.நம்பர் என்ன என்று கேளுங்கள். கேட்காமல் விடாதீர்கள்.

தோழர்களே! நாளை நாம் எழுதும் ப்ரோகிராமுக்கு முன்னால் உட்காரப் போகிறவர் என்ஜினீயர் இல்லை. நம் அக்காவோ, அண்ணனோ, நம் தெருக்காரரோதான். அவர் திரையில் வருகிற ஒவ்வொரு வரியும் அவருக்குப் புரிய வேண்டும். புரியாத வரிக்காக அவர் திட்டு வாங்கக் கூடாது. டிப்ளமோ முடித்து வெளியே போகும்போது இதை மட்டும் மறக்காமல் எடுத்துப் போவோம்.



– மூன்றாம் ஆண்டு மாணவி, கணினிப் பொறியியல் பிரிவு